கொலுப் படியில் ஓர் இடம்!

ஒரு பொம்மை. உயரம் ஒரு சாண். வலப்பக்கம் சடைமுடி, புலித்தோல். இடப்பக்கம் கூந்தல், சேலை. இதுதான் அர்த்தநாரீசுவரர் பொம்மை.

நவராத்திரி கொலுவில் இந்தப் பொம்மையைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. "பாதி ஆண், பாதி பெண்ணா?" என்று கேட்பதும் இல்லை. கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

ஆனால், வாசலில் ஒரு திருநங்கை வந்து நின்றால்? பல வீடுகளில் கதவு சாத்தப்படுகிறது!

கூத்தில் வந்த மோகினி

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது பிள்ளைச்சாவடி. கடலோரத்து மீனவர் ஊர். இந்த வட்டாரத்து மக்களுக்கு அரவான் கதையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்த கதை அது.

பாரதப் போருக்கு முன் களப்பலி கொடுக்க வேண்டும். அர்ச்சுனன் மகன் அரவான் முன்வந்தான். சாகுமுன் தனக்குக் கலியாணம் ஆக வேண்டும் என்றான். மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி அவனுக்கு மாலையிட்டான்.

உளுந்தூர்ப்பேட்டை அருகே கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழா. திருநங்கைகள் அங்கே கூடி, அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலியை அறுத்து அழுகிறார்கள்.

கேலி மாறியது

கூத்தில் மோகினிக்கு மரியாதை இருந்தது. சினிமாவிலோ, நெடுங்காலம் திருநங்கை என்றால் சிரிப்புக் காட்சிதான்.

பிறகு காற்று மாறியது. 2008-ல் திருநங்கை ரோஸ் டெலிவிஷனில் நிகழ்ச்சி நடத்தினார். 2014-ல் கோவையில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார்.

2019-ல் "சூப்பர் டீலக்ஸ்" படம் வந்தது. குடும்பத்தை விட்டுப் போன ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு சேலை கட்டி, ஷில்பாவாகத் திரும்பி வருகிறார். வீடே திகைக்கிறது. சின்னஞ்சிறு மகன் மட்டும் தயங்காமல் ஒட்டிக்கொள்கிறான்! ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது.

பழைய பேப்பர் போதும்

கொலுவில் கலியாண ஊர்வலம் உண்டு. கிரிக்கெட் ஆட்டமும் உண்டு. சேலை கட்டிய ஷில்பாவும், கைபிடித்த மகனும் பொம்மையானால் என்ன?

அதற்கான கலை புதுச்சேரியிலேயே இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் பொம்மையும், திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை.

காகிதக்கூழ் பொம்மையை வீட்டிலும் செய்யலாம். பழைய செய்தித்தாளைக் கிழித்துச் சில நாள் ஊறவைக்க வேண்டும். நன்றாக அரைத்து, நீரைப் பிழிய வேண்டும். பசையும் சாக்குப் பொடியும் சேர்த்துச் சப்பாத்தி மாவு போலப் பிசைய வேண்டும். மெல்லிய கம்பியை ஆள் உருவமாக வளைத்து, அதன்மேல் கூழை அப்ப வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்ட வேண்டும்.

கண் திறக்கும் நேரம்

முகம்தான் சோதனை! கட்டைவிரல் நகமளவு முகம். புருவம் ஒரு நூல் கூடுதலாக வளைந்தால் போதும். உதட்டில் ஒரு பொட்டுச் சாயம் கூடினால் போதும். பொம்மை கேலிப் பொருளாகிவிடும். பழைய சினிமா செய்த தவறும் அதுதானே?

ஆகவே கை நிதானமாக இருக்க வேண்டும். மனமும் நேராக இருக்க வேண்டும். கண்ணைக் கடைசியில்தான் எழுத வேண்டும்.

எந்தப் படி?

பொம்மை தயார். அதை எந்தப் படியில் வைப்பது?

கொலுவில் தெய்வங்களுக்கு மேல்படி. அர்த்தநாரீசுவரர் அங்கேதான் இருக்கிறார். கீழே மனிதர்களுக்கு என்று ஒரு படி இருக்கிறது. செட்டியார், போலீஸ்காரர், பாட்டுக்காரர் எல்லாரும் அதில்தான் நிற்கிறார்கள்.

ஆணும் பெண்ணும் போலவே, திருநங்கையரும் சம உரிமை உள்ள குடிமக்கள் என்று 2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. சட்டம் இடம் கொடுத்துவிட்டது. வீடு இன்னும் கொடுக்கவில்லை.

திருநங்கை கேட்பது மேல்படி அல்ல; மனிதர் படி. அந்தப் படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தால் போதும். பொம்மையைப் பார்த்து, "இது யார், அம்மா?" என்று குழந்தை கேட்கும்.

"நம்மைப் போல ஒருவர்" என்று சொல்லுங்கள்!