குழாய்க்கு எத்தனை மார்க்?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறார்கள். ஊர்க் குழாய்க்கு மார்க் போட முடியுமா?

முடியும்! அதற்கு 9 பரீட்சைகள் இருக்கின்றன.

காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவே இருக்கிறது, வெள்ளகோவில். தறியும் எண்ணெய் ஆலையும் ஓடும் ஊர். ஆனால், ஊருக்குள் ஆறு ஓடவில்லை! வடகிழக்கே காவிரி, தெற்கே அமராவதி. இரண்டுமே தூரம். இப்படிப்பட்ட வறண்ட பூமியில் ஒவ்வொரு குடத்துக்கும் கணக்கு வேண்டும்.

ஆளுக்கு 9 குடம்

2008-ம் ஆண்டில் மத்திய அரசு நகரங்களுக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. அதன்படி, ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் அது 9 குடம். 5 பேர் உள்ள வீட்டுக்கு 45 குடம்! குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் இதில் அடக்கம்.

மற்ற பரீட்சைகள் வருமாறு:

எல்லா வீட்டுக்கும் இணைப்பு இருக்க வேண்டும். 24 மணி நேரமும் தண்ணீர் வரவேண்டும். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வேண்டும். சோதித்துப் பார்க்கும் தண்ணீர் எல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும். 100 புகார் வந்தால், 80 புகாரை ஒரே நாளில் தீர்க்கவேண்டும். செலவு முழுவதும் வரவில் ஈடாக வேண்டும். வரவேண்டிய கட்டணத்தில் நூற்றுக்கு 90 வசூலாக வேண்டும்.

ஒன்பதாவது பரீட்சைதான் கடினமானது. அதுதான், கசிவு!

ஓடிப்போகும் தண்ணீர்

100 குடம் அனுப்பினால், 20 குடத்துக்கு மேல் கணக்கில் வராமல் போகக்கூடாது. வெடித்த குழாய், திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர் இவைதான் தண்ணீரை விழுங்குகின்றன.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. அப்போது வெடிப்பு வழியாகச் சாக்கடை நீர் உள்ளே புகும். மறுபடி தண்ணீர் விடும்போது, அது வீட்டுக்கு வந்து சேரும்! ஆகவே, முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

தலையில் துப்பாக்கி!

கம்போடியா நாட்டின் தலைநகர் புனோம் பென். 1993-ல் அங்கே 100 குடத்தில் 72 குடம் கணக்கில் வராமல் போனது. அந்த ஆண்டில் குடிநீர் வாரியத் தலைவராக வந்தார், எக் சோன் சான்.

ராணுவத் தளபதி ஒருவர் வீட்டுக்கு மீட்டர் பொருத்தப் போனார். தளபதி அவர் தலையில் துப்பாக்கியை வைத்தார்! சான் பயப்படவில்லை. போலீஸ் படையோடு திரும்பி வந்து, இணைப்பைத் துண்டித்தார்.

பிறகு என்ன? பெரிய மனிதர்களும் பணம் கட்டினார்கள். கசிவுகள் அடைபட்டன. 2010-க்குள் இழப்பு 6 குடமாகக் குறைந்தது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006-ல் சானுக்கு மகசேசே விருது கிடைத்தது.

திருப்பூர் தந்த பாடம்

பணக் கணக்கு தவறினால் என்ன ஆகும்? அதற்குத் திருப்பூரே சாட்சி.

அரசும் தனியாரும் சேர்ந்து அங்கே ஒரு திட்டம் போட்டார்கள். செலவு சுமார் ஆயிரம் கோடி ரூபாய். பவானி ஆற்றில் இருந்து நாளுக்கு 18 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவர ஏற்பாடு.

அதில் பாதிக்கு மேல் சாயப்பட்டறைகளுக்கு. அவர்களுக்கு விலை அதிகம்; வீடுகளுக்கு விலை குறைவு. நல்ல யோசனைதான்!

ஆனால், சாயக் கழிவு நொய்யலைக் கெடுத்தது. 2011 ஜனவரியில், சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைகள் மூடின. அதிக விலைக்குத் தண்ணீர் வாங்கியவர்கள் போனார்கள். வருமானம் சரிந்தது!

ஒருவரையே நம்பிய கணக்கு, அவர் விழுந்தால் தானும் விழும்.

வீட்டிலேயே மார்க்

நீங்களும் மார்க் போடலாம். ஒரு காலண்டர் போதும். தண்ணீர் வந்த நாள், நேரம், பிடித்த குடம், நிறம், வாடை இவற்றை ஒரு மாதம் குறித்து வையுங்கள். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து குறிக்கலாம்.

"தண்ணீர் வரவில்லை" என்றால் அது புலம்பல். "30 நாளில் இத்தனை நாள் வந்தது, ஆளுக்கு இத்தனை குடம் கிடைத்தது" என்றால் அது கணக்கு. புலம்பலைத் தட்டிக்கழிக்கலாம். கணக்குக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்!