காணொளி வகுப்பறை: கருவி யாருடைய பொறுப்பு?

காணொளி அழைப்பு வழியே பாடம் நடத்துவது பெருந்தொற்றுக் காலத்தோடு முடிந்துபோன ஏற்பாடு அன்று. மழை விடுமுறை, ஆசிரியர் பற்றாக்குறை, போட்டித் தேர்வுப் பயிற்சி என ஏதேனும் ஒரு காரணத்தை முன்னிட்டு அது கல்விக்கூடங்களுக்குள் திரும்பிக்கொண்டேயிருக்கிறது. அக்கருவி நல்லதா, தீயதா என்று விவாதிப்பதைவிட, அதன் செலவையும் பொறுப்பையும் யார் சுமப்பது என்று கேட்பதே தலித் மாணவர்களைப் பொறுத்தவரை முதன்மையானது.

வீட்டின் மீது ஏற்றப்பட்ட சுமை

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பறையை அரசு மாணவர்களின் வீடுகளுக்கு மாற்றியது. ஆனால் எல்லா வீடுகளும் வகுப்பறையாகக்கூடியவை அல்ல. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, கிராமப்புறக் குடும்பங்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கே இணைய வசதி இருந்தது. கணினி வைத்திருந்தோர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

2021 ஆகஸ்டில் பொருளியல் அறிஞர்கள் ஜீன் டிரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ஆய்வு, 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. கிராமப்புறங்களில் 8 விழுக்காட்டுக் குழந்தைகளே இணையவழியில் தொடர்ந்து படித்தனர். பட்டியலின, பழங்குடிக் குழந்தைகளை மட்டும் பார்த்தால் அது 4 விழுக்காடு; பிற கிராமப்புறக் குழந்தைகளிடையே 15 விழுக்காடு. எளிய குடும்பங்களுக்குள்ளும் சாதி கோடு கிழித்திருந்தது என்பதையே இந்த இடைவெளி காட்டுகிறது.

இதன் காரணங்களை விளங்கிக்கொள்வது கடினமன்று. வீட்டிலுள்ள ஒரே திறன்பேசி, கூலி வேலைக்குச் செல்லும் தந்தையோடு காலையிலேயே வெளியேறிவிடுகிறது. அது வீட்டில் இருந்தாலும், ஒரு மணி நேரக் குழு அழைப்பு படத்தின் தரத்திற்கேற்ப அரை ஜிகாபைட் முதல் ஒரு ஜிகாபைட் வரை தரவை விழுங்கும். நான்கு பாடவேளைகளுக்கு ஒரு நாளின் தரவுப் பொதி போதாது. தமிழ்நாட்டில் 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிகாபைட் தரவு இலவசமாக வழங்கப்பட்டது. தரவு ஒரு கல்விச் செலவு என்பதை அரசே ஒப்புக்கொண்ட நடவடிக்கை அது. ஆனால் திறன்பேசியே இல்லாத மாணவருக்குத் தரவு அட்டையால் பயனில்லை.

கேமரா காட்டுவதும் பதிவாவதும்

கேமராவைத் திறந்து வைக்குமாறு ஆசிரியர் கட்டளையிடும்போது, மாணவரின் வீடும் சேர்ந்தே வகுப்பின் பார்வைக்கு வருகிறது. கூரை, சுவரில் மாட்டிய படம், பின்னணியில் ஒலிக்கும் பேச்சு ஆகியவற்றிலிருந்து சாதியை மோப்பம் பிடிக்கப் பழகிய சமூகத்தில் இது சிறிய செய்தியன்று. கேமராவை அணைத்தவரை அக்கறையற்றவர் எனக் குறிப்பதும், வருகைப் பதிவை மறுப்பதும் அநீதியே.

மறுபுறம், நான்கு சுவர்களுக்குள் மறைந்துபோகும் வசையை அதே கருவி வெளிச்சத்துக்கும் கொண்டுவந்தது. 2021 ஏப்ரலில் காரக்பூர் ஐ.ஐ.டி.யில், பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பில் பேராசிரியர் ஒருவர் மாணவர்களை இழிவாகப் பேசிய காணொளி நாடெங்கும் பரவியது. அதன்பின் அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். நேரடி வகுப்பில் இது நிகழ்ந்திருந்தால், மாணவர்களின் சொல்லைத் தவிர வேறு சான்று இருந்திருக்காது.

பள்ளிக்குள் வரும் அழைப்பு

இதே காணொளி அழைப்பு, பள்ளியின் பொதுக் கருவியாக வகுப்பறைக்குள் வரும்போது அதன் தன்மை மாறுகிறது. ஒரு திரை, ஓர் ஒலிவாங்கி, பள்ளியே கட்டணம் செலுத்தும் இணைப்பு ஆகியவை போதும். இயற்பியல் ஆசிரியர் இல்லாத மலைப்பகுதிப் பள்ளியை வேறொரு பள்ளியின் ஆசிரியரோடு இணைக்கலாம். குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி வழக்கறிஞராகவோ ஆய்வாளராகவோ உயர்ந்த ஒருவரோடு பத்தாம் வகுப்பு மாணவர்கள் நேரில் கேட்பதுபோல் கேள்வி கேட்கலாம். ஆயினும் ஒலிவாங்கி முன்வரிசையிலேயே தங்கிவிட்டால் பழைய ஏற்றத்தாழ்வே புதிய திரையில் ஓடும். கேள்விகளை முன்னதாக எழுதி வாங்கி, சுழற்சி முறையில் எல்லோரையும் பேசவைப்பது ஆசிரியரின் கடமை. காலியாக உள்ள ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதற்குத் திரை சாக்காகவும் கூடாது.

கோர வேண்டியவை

2020 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், இணையவழியில் கற்பிக்கும் பள்ளிகள் நலிந்த பிரிவு மாணவர்களுக்குக் கருவியையும் இணைய இணைப்பையும் இலவசமாக வழங்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டமே அதற்கு அடிப்படை. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. எனினும் அதே ஆண்டு அக்டோபரில், இந்த ஏற்றத்தாழ்வைக் களைய உரிய திட்டம் வகுக்குமாறு தில்லி அரசிடம் அது வலியுறுத்தியது.

ஆகவே, காணொளி வகுப்பை அறிவிக்கும் எந்த நிறுவனத்திடமும் மாணவர் அமைப்புகள் நான்கு உறுதிமொழிகளைக் கேட்டுப் பெற வேண்டும்: கருவியும் தரவும் நிறுவனத்தின் செலவு, கேமராவைத் திறப்பது மாணவரின் விருப்பம், இணைய முடியாதவருக்கு வருகைப் பதிவும் மறுவகுப்பும் உண்டு, வகுப்பின் பதிவு பாதுகாக்கப்பட்டு, புகார் எழுந்தால் மாணவருக்குக் கிடைக்கும். பாடநூலையும் மதிய உணவையும் போலவே இணைப்பும் கல்வியின் ஒரு கூறு. அதைக் கொடுக்காமல் வகுப்பு நடத்துவது, சிலரை வாசலிலேயே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவதாகும்.