பி.பி.க்கும் தூக்கம் வேணும்

பர்மிய மொழியில் ரத்த அழுத்த நோய்க்கு 'த்வே தோ' என்று பேர். த்வே என்றால் ரத்தம், தோ என்றால் கூடுவது. நம்ம ஊரில் ரத்தக் கொதிப்பு என்கிறோம், இவங்க ரத்தம் கூடிப்போச்சு என்கிறாங்க. யாங்கூன் தமிழர்கள் இந்த வம்பே வேண்டாம்னு 'பிரஷர்' என்று முடித்துக்கொள்வார்கள். 2009ல் மியான்மர் முழுக்க எடுத்த ஒரு கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூணு பேருக்கு இந்தத் தோ இருந்தது. நாப்பி இல்லாமல் சோறு இறங்காத ஊர், ஆச்சரியம் இல்லை.

நான் மருத்துவ மாணவன் இல்லை என்பதை முதல்லயே சொல்லிடறேன். படிப்பது வேற. இந்தப் பதிவுக்குக் காரணம் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஐயா. மூணு தலைமுறையா இங்கேயே இருக்கிற குடும்பம், வயசு எழுபதை நெருங்குது. பத்து வருஷமா பிரஷர் மாத்திரை. காலை ஏழு மணிக்கு மாத்திரை, பதினோரு மணி வாக்கில் டாக்டர், 130/80. "நம்ம பிரஷர் கண்ட்ரோல்ல இருக்கு தம்பி" என்று பெருமையா சொல்வார். போன கோடையில் ஒரு நாள் விடிகாலை எழுந்து பல் தேய்க்கப் போனவருக்கு வலது கை மரத்துப்போய் வாய் கோணிவிட்டது. லேசான பக்கவாதம். கை திரும்பிடுச்சு, பேச்சு இன்னும் கொஞ்சம் குழறுது.

கட்டுப்பாட்டில் இருந்த பிரஷர் எப்படி இந்த வேலையைப் பார்த்தது? இதைத் தேடிப் போய்த்தான் ரெண்டு வாரமா ஆணி பிடுங்குவதை விட்டுட்டு இதையே படிச்சிட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். பி.பி. என்பது ஒரு நம்பர் இல்லை, ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கும் கோடு. தூங்கும்போது இறங்கும், விழிக்கும் நேரத்தில் சரசரன்னு ஏறும். லண்டனில் மில்லர்-கிரெய்க் குழுவினர் 1978லேயே இதை மணிக்கணக்காகப் பதிவு செய்து காட்டினார்கள். ஆரோக்கியமான உடம்பில் பகல் சராசரியைவிட இரவு சராசரி 10 முதல் 20 சதவீதம் குறையணும். பகலில் 140 என்றால் இரவில் 120, அதாவது 14 சதவீத இறக்கம், நல்லது. பத்துக்குக் குறைவா இறங்கினால் 'நான்-டிப்பர்'. டப்ளினில் இருந்து ஓ'பிரையனும் கூட்டாளிகளும் 1988ல் வைத்த பேர் இது. சிலருக்கு இறங்குவதற்குப் பதிலா ராத்திரியில் ஏறும். ஆபத்து அதிகம் இவர்களுக்குத்தான்.

எவ்வளவு ஆபத்து? ஜப்பானில் இவாத்தே மாகாணத்தில் ஒஹசாமா என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1980களின் பிற்பகுதியில் இருந்து ஊர் ஜனங்களுக்கே 24 மணி நேரக் கருவியைக் கட்டி, வருஷக்கணக்கா பின்தொடர்ந்தார்கள். 1,542 பேரை வைத்து 2002ல் வெளியிட்ட கணக்குப்படி, இரவு இறக்கத்தில் ஒவ்வொரு 5 சதவீதம் குறையும்போதும் இதய, ரத்தக்குழாய் நோயால் சாகும் அபாயம் சுமார் 20 சதவீதம் கூடியது. பிரஷரே இல்லை என்று சொல்லப்பட்டவர்களுக்கும் இதே கதை! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது இந்த இடத்தில்தான்.

விடிகாலை ஏற்றம் இன்னொரு வில்லன். மாரடைப்பு காலை ஆறிலிருந்து மதியத்துக்குள் அதிகம் வருது என்று 1985லேயே அமெரிக்காவில் முல்லர் குழு எழுதிவிட்டது. 2003ல் கசுவோமி காரியோ என்ற ஜப்பான் டாக்டர், காலை ஏற்றம் மிக அதிகமா இருக்கும் முதியவர்களுக்குப் பக்கவாதம் கூடுதலா வருவதைக் காட்டினார். பதினோரு மணி டாக்டருக்கு இது எதுவுமே தெரிய வழியில்லை. அவர் மேல தப்பில்லை, அவர் பார்க்கிற நேரத்தில் அந்தக் கோடு நல்ல பிள்ளையா உட்கார்ந்திருக்கு.

ஐயாவுக்கு அப்புறம் 24 மணி நேரக் கருவி கட்டினார்கள். கையில் பட்டை, இடுப்பில் டப்பா. அரை மணிக்கு ஒரு தரம் புஸ்ஸுனு ஊதும். "தூங்க விட்டாத்தானே தம்பி அது இறங்கும்" என்றார், நியாயமான கேள்விதான். ரிப்போர்ட்டில் பகல் சராசரி 132, இரவு 146. தூக்கத்தில் 120/70ஐத் தாண்டினாலே அதிகம் என்று கணக்கு.

ஏன் இறங்கலை? சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் வியாதி எல்லாம் பட்டியலில் உண்டு. நான் கவனித்தது உப்பை. பகலில் சாப்பிட்ட உப்பைச் சிறுநீரகம் பகலிலேயே வெளியேற்ற முடியாவிட்டால், ராத்திரியில் அழுத்தத்தைக் கூட்டித் தள்ளுகிறது என்பது ஒரு விளக்கம். 1997ல் ஜப்பானில் ஊசு, கிமுரா குழுவினர் உப்பைக் குறைத்ததுமே நான்-டிப்பர்கள் பலர் டிப்பர் ஆனதைக் காட்டினார்கள். ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போவதற்கும் இதே உப்பு ஒரு காரணமா இருக்கலாமாம். ஐயா வீட்டு அம்மா இதைக் கேட்டதும், "வயசானா அப்படித்தான்னு நெனச்சிட்டிருந்தோம்" என்றார். காலையில் மொகிங்கா, மதியம் நாப்பி, சாயங்காலம் லப்பெட், இடையில் நம்ம ஊர் ஊறுகாய் வேற. ரெண்டு நாட்டு உப்பும் ஒரே இலையில்!

அப்புறம் யாங்கூனின் தூக்கம். 2021க்குப் பிறகு மின்சாரம் முறை வைத்துத்தான் வருது. ஏப்ரல் ராத்திரியில் ஃபேன் நின்றால் கட்டடமே விழித்துக்கொள்ளும், பக்கத்துக் கடை ஜெனரேட்டர் தாலாட்டு பாடும் :-) ஃப்ளோரன்ஸில் மோடெஸ்டி குழு 2006ல் வெளியிட்ட ஆய்வில், வெயில் காலத்தில் பகல் பிரஷர் குறைவாகவும், சிகிச்சையில் இருக்கும் முதியவர்களுக்கு இரவுப் பிரஷர் கூடுதலாகவும் இருந்தது. வெயிலில் பிரஷர் குறையுதே என்று மாத்திரையைக் குறைத்தால் ராத்திரி அடி விழும். இத்தாலிக்கே இந்த நிலைமை என்றால் இங்கே கேட்கவா வேணும்?

அப்போ மாத்திரையை ராத்திரி போட்டால் தீர்ந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன், வாட்சப்பில் இந்த வைத்தியம் பலமா சுத்துது. ஸ்பெயினில் ஹெர்மிடா என்பவரின் ஹைஜியா ஆய்வு 2019ல் 19,084 பேரை வைத்து, படுக்கும்போது போட்டால் இதய ஆபத்து 45 சதவீதம் குறையும் என்றது. கேட்கவே நம்ப முடியாத நம்பர், பலர் நம்பவும் இல்லை. பிரிட்டனில் 21,104 பேரை ஐந்து வருஷத்துக்கு மேல் பார்த்த டைம் ஆய்வு 2022ல் வந்தது. காலையோ ராத்திரியோ, ஒரு வித்தியாசமும் இல்லை. 2025ல் கனடாவின் பெட்மெட் ஆய்வும் அதையே சொன்னது. மறக்காமல் போடும் நேரம் எதுவோ அதில் போடுங்க. தானாக நேரம் மாற்றுவது முக்கியமா முதியவர்களுக்கு வேண்டாம், ராத்திரி ரொம்பக் கீழே போய் எழுந்ததும் மயங்கி விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு.

ஐயாவுக்கு நாள் முழுக்க வேலை செய்யும் வேற மாத்திரை கொடுத்திருக்காங்க. நாப்பி வாரத்துக்கு ரெண்டு நாள். ஊறுகாய் ஜாடி அம்மாவின் அலமாரிக்குப் போய்ச் சாவியும் போட்டாச்சு. மூணு மாசம் கழித்து மறுபடி கட்டியபோது இரவு சராசரி 129. இன்னும் இறங்கணும், அடுத்த மாசம் குறட்டையைச் சோதிக்கப் போறாங்க. இப்போ காலையில் எழுந்ததும் ஒண்ணுக்குப் போய்விட்டு, மாத்திரைக்கும் டீக்கும் முன்னாடி, உட்கார்ந்து ரெண்டு தடவை பார்த்து நோட்டில் எழுதுகிறார். அந்தக் கணக்குக்கு 135/85 எல்லை.

என் அப்பாவுக்கும் பிரஷர் உண்டு, தஞ்சாவூரில் இருக்கார், அவரும் பதினோரு மணி ஆசாமிதான். நேத்து ஃபோனில் "ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்கப்பா?"ன்னு கேட்டேன். "ஒழுங்கா படிக்கிற வேலையைப் பாருடா" என்றார். அம்மாவிடம் கேட்டதில் மூணு தடவையாம். தஞ்சை, திருச்சி பக்கம் இந்த 24 மணி நேரக் கருவி எங்கே கட்டுகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.