இரண வைத்தியம் படித்த கிராமத்து டாக்டர்கள்

ரமணாசிரமம் பக்கம், செங்கம் சாலை மருந்துக்கடையில் ஒரு அம்மா தன் சீட்டை என்னிடம் நீட்டினார். “எனக்கு என்ன நோவுன்னு போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு தம்பி.” ஹைப்போதைராய்டிசம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கழுத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, அது சோர்ந்துபோனதால் உடம்பும் சோர்கிறது என்றேன். மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாராம். நோயின் பெயருக்கு அர்த்தம் அன்றுதான் தெரிந்தது அவருக்கு.

எனக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஞாபகம் வந்தது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், அடுத்த ஆண்டே மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அவருக்கு முன்பு, 1820 முதல், அதே யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர் ஜான் ஸ்கடர். அந்த ஸ்கடரின் மகன் சைலஸ்தான் 1866-இல் நம் ராணிப்பேட்டையில் மருத்துவமனை திறந்தவர். ஆற்காட்டுச் சீமைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இப்படி ஒரு வைத்திய உறவு உண்டு.

முதலில் கிறீன் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவருக்கு அரசாங்க வேலை கிடைக்கும். ஊரை விட்டுப் போய்விடுவார். தமிழில் படித்தவர் கிராமத்திலேயே தங்கி, ஊரார் கொடுப்பதில் பிழைப்பார் என்று அவர் கருதினார். 1862-இல் இரண்டாம் முறை வந்தபின் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். எனக்கு இது மொழிப்பற்றை விடவும் பெரிய யோசனையாகப் படுகிறது. கிராமத்தில் டாக்டர் தங்க வேண்டுமானால் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

ஆனால் படிக்கப் புத்தகம் வேண்டுமே! தமிழ்ச் சொல்லை முதலில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடசொல், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உருவம் கொடுப்பது என்று விதி வகுத்துக்கொண்டார். வேதியியல் ‘கெமிஸ்தம்’ ஆனது. உடற்கூறு ‘அங்காதிபாதம்’, பாதாதிகேசம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமே இல்லை. அறுவை மருத்துவ நூலுக்கு 1867-இல் வைத்த பெயர் ‘இரண வைத்தியம்’. இரணம் என்றால் என்னவென்று எழுத்தறியாத கிழவிக்கும் தெரியும். லண்டனில் 1858-இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றியல், 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று தமிழில் வந்துவிட்டது. இடைவெளி வெறும் 14 ஆண்டுகள்.

அன்றைய வைத்தியருக்குக் கையில் மருந்து குறைவு. வாந்திபேதி என்கிற காலராவில் குடல் தண்ணீரையும் உப்பையும் கொட்டிவிட, சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவார். உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் கொடுத்தால், சர்க்கரையோடு சேர்த்து உப்பையும் குடல் உறிஞ்சிக்கொள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும் என்பது அடுத்த நூற்றாண்டில் தெரிந்த விஷயம். காலராக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாக் குளத்து நீரில் கண்டதே 1884-இல்தான். அதுவரை நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற வார்த்தையில் பேசுவதே பாதி வைத்தியம்.

அறுபதுக்கும் மேற்பட்டவர்களை மருத்துவர்களாக்கிய கிறீன், உடல்நலம் குன்றி 1873-இல் அமெரிக்கா திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் வேலையை அவர் விடவில்லை. உடம்பு எப்படி இயங்குகிறது என்று சொல்லும் ‘மனுஷ சுகரணம்’ 1883-இல் அச்சேறியது. மறு ஆண்டு காலமானார்.