திரையும் வாயிலும்

செவ்வாய்க்கிழமைதோறும் கலூரில் உள்ள புனித அந்தோணியார் திருத்தலத்தில் மக்கள் வெள்ளமெனத் திரள்வதைக் கொச்சியில் வாழும் தமிழன்பர்கள் நன்கு அறிவார்கள். நம் நாட்டுப்புறங்களில் ‘கோடி அற்புதர்’ என்று போற்றப்படுபவர் இவரே. 1231-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் இத்தாலியில் பதுவை நகருக்கருகே உயிர்நீத்த இவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆதலின் அந்நாள் அவருக்கு உரியதாயிற்று. கலூருக்கு வருவோரில் கிறிஸ்தவரல்லாதாரும் பலர். நோய், கடன், பிள்ளைகளின் வாழ்வு என்று அவரவர் குறை அவரவர்க்கு. ஆயினும் அனைவருள்ளும் ஒரு வினா ஒளிந்து நிற்கிறது. தூய்மையே வடிவான இறைவன்முன் மாசுடைய நான் எவ்வாறு போய் நிற்பேன் என்பதே அது.

விடை தேடக் காயலைக் கடந்து மட்டாஞ்சேரிக்குச் செல்வோம். அங்கே 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தில் காலணியைக் கழற்றிவிட்டே நுழைதல் வேண்டும். பிறநாட்டு யூத ஆலயங்களில் இவ்வழக்கம் பெரும்பாலும் இல்லை. எரியும் முட்புதரின்முன் மிதியடியைக் கழற்றுமாறு மோசே பணிக்கப்பட்ட வரலாறு இங்கே நினைவுக்கு வராமற் போகாது. உள்ளே மறைச்சுருள்கள் வைக்கும் பேழையின்முன் ஒரு திரை. பண்டை எருசலேம் ஆலயத்திலும் திருத்தூயகத்தை ஒரு திரை மறைத்திருந்தது. ஆண்டுக்கு ஒரே நாள், தலைமைக் குரு ஒருவர் மட்டும், பலியின் இரத்தத்தோடு அதனுள் செல்வார். கேரளத்துச் சிரியன் ஆலயங்கள் பலவற்றில் பீடத்தின்முன் திரை இடுவதும் திறப்பதும் இன்றும் வழிபாட்டின் பகுதியே.

திரை கடவுளுக்காக அன்று, மனிதனுக்காகவே இடப்பட்டது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நெருப்பை நெருங்குவோனுக்கு ஒரு காவல் வேண்டுமல்லவா? ஏசாயா தீர்க்கதரிசி காட்சியில் இறைவனைக் கண்டபோது, தம் உதடுகள் அசுத்தமானவை என்று அலறினார். அவர் தம்மைத் தாமே தூய்மை செய்துகொள்ளவில்லை. பலிபீடத்து நெருப்புத் தழலே அவர் உதட்டைத் தொட்டது. சுட்டெரிக்க வேண்டிய நெருப்பு அவரைக் குணப்படுத்தியது.

இயேசு சிலுவையில் உயிர்விட்டபோது ஆலயத்திரை மேலிருந்து கீழாகக் கிழிந்தது என்று நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. தூய்மை குறைந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. வழி திறந்துவிட்டது என்பதே பொருள். எபிரேயருக்கு எழுதிய மடலும் அரியணையை அகற்றிவிடவில்லை. அதனை அருளின் அரியணை என்கிறது. அதனை அணுகுவோர்க்கு வேண்டிய தன்மையைக் குறிக்க அங்கு வரும் கிரேக்கச் சொல்லைப் பழைய தமிழ் மறைநூல் ‘தைரியம்’ என்றும், 1995-இல் வெளியான திருவிவிலியம் ‘துணிவு’ என்றும் பெயர்த்தன. மூலச்சொல்லின் வேர்ப்பொருள், மனத்தில் உள்ளதை ஒளிக்காமல் எல்லாம் பேசுதல் என்பது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது பெருவியப்பு. இரக்கத்தைச் சுட்டும் எபிரேயச் சொல்லோ, தாயின் கருவறையைச் சுட்டும் சொல்லோடு உறவுடையது.

இக்கருத்து தமிழருக்குப் புதிதன்று. இறைவனின் பரத்துவத்தையும் சௌலப்பியத்தையும், அதாவது எட்டாத உயர்வையும் எளிதில் அணுகத்தக்க தன்மையையும், வைணவ உரையாசிரியர்கள் இணைத்தே பேசினார்கள். வைணவக் குடியில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடியபோது அப்பழைய உணர்வும் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

எல்லாம் பேசுதல் என்றேன். ஊரைவிட்டு வந்து, ஏதோ தவறிழைத்து, வெட்கத்தால் பல்லாண்டு ஆலய வாயிலை மிதியாதவர் நம்மிடையே உண்டு. கத்தோலிக்க மரபில் அவருக்குரிய வழி, முன்னாளில் பாவசங்கீர்த்தனம் எனப்பட்ட ஒப்புரவு அருட்சாதனம். அங்கே இரக்கம் குற்றத்தை மூடிமறைப்பதில்லை. செய்ததைப் பெயர்சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். கேட்ட குரு அதனை எக்காரணத்தாலும் வெளியிடலாகாது.

ஆனால் மலையாளம் அறியாதவர் எம்மொழியில் சொல்வார்? துயரத்தை அயல்மொழியில் சொல்லுதல் எத்துணை அரிது என்பதைப் புலம்பெயர்ந்தோர் அறிவார்கள். முதலில் தமிழறிந்த குரு ஒருவர் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லையெனில், 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகவும் பாவங்களை அறிக்கையிட இடமளிக்கிறது. அம்மொழிபெயர்ப்பாளரும் தாம் கேட்டதை வெளியிடாமற் காக்கக் கடமைப்பட்டவர்.