பனிவெளியில் ஒரு சிவப்புக் கூடாரம்

மூழ்கும் கப்பலைவிட்டு இறுதியாக இறங்குபவர் அதன் தலைவராகவே இருத்தல் வேண்டும் என்பது கடலோடிகளின் நெடுநாளைய மரபு. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை என்றே நாமும் எண்ணியிருந்தோம். ஆனால் வடதுருவப் பனிவெளியில் வீழ்ந்து நொறுங்கிய ஓர் ஆகாயக் கப்பலின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது நம் உறுதி சற்றே தளர்ந்தது. தம் துணைவர்களுக்கு முன்னதாகத் தாம் மீட்கப்பட்ட ஒரே காரணத்தால் வாழ்நாளெல்லாம் பழிச்சொல் சுமந்த ஒருவரின் வரலாறு அது. அவர் பெயர் உம்பெர்ட்டோ நோபிலே. இத்தாலிய விமானப்படையின் ஜெனரல்.

ஆகாயக் கப்பலை இன்றைய பிள்ளைகள் படத்தில்தான் பார்த்திருப்பர். சுருட்டு வடிவிலான மாபெரும் பை. அதனுள் காற்றினும் இலேசான ஹைட்ரஜன் வாயு. அடியில் மனிதர் இருப்பதற்கு ஓர் அறை. உந்திச் செல்லப் பொறிகள். நோபிலே அமைத்த ‘இத்தாலியா’ என்னும் கப்பல் ஏறத்தாழ 105 மீட்டர் நீளமுடையது. மூன்று பொறிகளைக் கொண்டது. இதற்கு முன்னரே 1926-ஆம் ஆண்டு, ‘நோர்கே’ என்னும் கப்பலில் நார்வே நாட்டுப் புகழ்பெற்ற ஆய்வாளர் ரோல்ட் ஆமுண்ட்செனுடன் அவர் வடதுருவத்தைக் கடந்து அலாஸ்கா வரை பறந்திருந்தார். அப்பயணத்தின் பெருமை யாருக்கு உரியது என்பதில் இருவருக்கும் மனக்கசப்பு மூண்டு, பகையாகவே முற்றியது. இதனை வாசகர்கள் நினைவில் இருத்தவேண்டுகிறோம். பின்னர் இதற்குப் பொருள் உண்டு.

1928-ஆம் ஆண்டுப் பயணத்துக்கு முன் நோபிலேயும் அவர்தம் குழுவினரும் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதரைச் சந்தித்து ஆசி பெற்றனர். பாப்பரசர் இளமையில் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் ஏறிப் பழகியவர். பனியின் இயல்பை அறிந்தவர். வடதுருவத்தில் இடும்படி கருவாலி மரத்தாலான சிலுவை ஒன்றை அவர்களிடம் ஒப்படைத்து, எல்லாச் சிலுவைகளையும் போலவே இதுவும் சுமப்பதற்குப் பாரமாகவே இருக்கும் என்று கூறினார் என்பர். குழுவின் ஆன்ம குருவாக உடன் சென்றவர் ஜியான்ஃபிரான்செஸ்கி என்னும் இயேசு சபைக் குரு. இயற்பியல் வல்லுநரான இவர் அப்போது உரோமை கிரகோரியன் பல்கலைக்கழகத்தின் அதிபராக விளங்கினார்.

ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் கிங்ஸ் பே துறையிலிருந்து மே 23-ஆம் நாள் அதிகாலை, பதினாறு பேருடனும் நோபிலேயின் சிறு நாய் தித்தினாவுடனும் ‘இத்தாலியா’ புறப்பட்டது. நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் துருவத்தை அடைந்தது. இறங்கி ஆய்வு செய்யத் திட்டமிட்டிருந்தும் காற்று இடங்கொடுக்கவில்லை. எனவே மேலிருந்தவாறே இத்தாலியக் கொடியையும் பாப்பரசரின் சிலுவையையும் பனிமீது இறக்கினர்.

துயரம் திரும்பும் வழியில் காத்திருந்தது. எதிர்காற்று பலமாக வீசியது, மூடுபனி சூழ்ந்தது, கப்பலின் மேற்புறத்தில் பனி படிந்தது. காற்று மாறும் என்று நம்பி, வந்த திசையிலேயே திரும்பலாம் எனக் கூறியவர் சுவீடன் நாட்டு வானிலை அறிஞர் ஃபின் மால்ம்கிரன். காற்றோ மாறவில்லை. மே 25-ஆம் நாள் முற்பகலில் கப்பல் திடீரெனக் கனத்து, பின்புறம் தாழ்ந்து, சில நிமிடங்களில் பனிமேட்டில் மோதியது. அடியிலிருந்த அறை பிய்ந்து, பத்துப்பேரைப் பனியில் கொட்டியது. பொமெல்லா என்னும் பொறியாளர் அங்கேயே உயிர்நீத்தார். எடை குறைந்த வாயுப்பை மற்ற ஆறு பேரையும் சுமந்துகொண்டு மீண்டும் மேலெழும்பியது. அவ்வாறு சென்றவருள் ஒருவரான அர்துயினோ, தம் கதி யாதாகும் என்று அறியாத அந்தக் கணத்திலும், கைக்கு அகப்பட்ட உணவுப் பெட்டிகளையும் பொருள்களையும் கீழே இருந்தவர்களுக்காக எறிந்தார். சிறிது நேரத்துக்குப் பின் தொலைவில் ஒரு புகைத்தூண் எழக் கண்டனர். அதற்கு மேல் அந்த அறுவரைப் பற்றி எவரும் ஒன்றும் அறிந்திலர்.

எஞ்சியவர் ஒன்பதின்மர். நோபிலேக்குக் கையும் காலும் முறிந்திருந்தன. செச்சியோனி என்னும் பருத்த உடலினரான பொறியாளருக்கும் கால் முறிவு. மால்ம்கிரனுக்குத் தோளில் காயம்; உடற்காயத்தினும் மனக்காயமே பெரிது. தம் ஆலோசனையால் விளைந்த கேடு இது என்று வருந்தி நீரில் மூழ்கப் புறப்பட்டவரை நோபிலே கண்டித்துத் தடுத்தார். சிதறிக் கிடந்தவற்றில் நால்வருக்கான பட்டுக் கூடாரம் ஒன்று அகப்பட்டது. ஒன்பது பேரும் அதனுள் ஒடுங்கினர். உயரம் அளப்பதற்கெனக் கொண்டுவந்த கண்ணாடிக் குண்டுகளில் சிவப்புச் சாயம் இருந்தது. விமானத்திலிருந்து நோக்குவோர் கண்ணில் படவேண்டும் என்று அதனைக் கூடாரத்தின்மேல் பூசினர். ‘சிவப்புக் கூடாரம்’ என்று உலகம் பின்னர் அறிந்தது இதனையே. மால்ம்கிரன் ஒரு கைத்துப்பாக்கியால் வெண்கரடி ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதால் பல நாள்களுக்கு இறைச்சி கிடைத்தது.

அவர்கள் காலடியில் இருந்தது நிலமன்று, கடல்மேல் மிதக்கும் பனிப்பாளம். அது நாள்தோறும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று கணித்த இருப்பிடம் நாளைக்குப் பயன்படாது. போதாக்குறைக்கு, மேலிருந்து பார்ப்பவர்க்கு அப்பெருவெளி முழுவதும் பனிமேடும் நிழலும் பிளவுமாக, ஆயிரம் கூடாரங்கள் இருப்பது போன்ற மாயம் காட்டும். நார்வே விமானிகள் இருவர் அப்பக்கமாகவே பறந்தும் கூடாரத்தைக் காணாமல் திரும்பினர்.

நம்பிக்கைக்கு உரியதாக ஒரு சிறு சிற்றலை வானொலிக் கருவி தப்பியிருந்தது. பியாஜி என்னும் வானொலியாளர் அதைச் சீர்செய்து அபாயச் செய்தியை இடைவிடாது அனுப்பினார். சில நூறு கிலோமீட்டர் தொலைவில் கிங்ஸ் பேயில் நின்ற அவர்களுடைய துணைக்கப்பல் ‘சித்தா டி மிலானோ’வுக்கு அது எட்டவில்லை. சிற்றலையின் இயல்பு அத்தகையது. அது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால், அருகே இருப்பவரைத் தாண்டித் தொலைவில் போய் இறங்கும். எனினும், கப்பலில் இருந்தோர் செய்தியாளர்களின் தந்திகளை அனுப்புவதில் காட்டிய அக்கறையைக் காதுகொடுத்துக் கேட்பதில் காட்டவில்லை என்ற குறையும் கூறப்பட்டது. அதை முற்றிலும் தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

ஜூன் 3-ஆம் நாள் அக்குரலைக் கேட்டவர், 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், உருசிய நாட்டின் வொஸ்னெசென்யே-வொக்மா என்னும் சிற்றூரில் தாமே அமைத்த கருவியை வைத்திருந்த நிக்கொலாய் ஷ்மித் என்னும் இளைஞர். அரைகுறையாகக் காதில் விழுந்ததை அவர் உடனே மாஸ்கோவுக்குத் தெரிவித்தார். அதன் பின்னரே, அவர்கள் உயிருடன் இருப்பதை உலகம் அறிந்தது. ஒன்பது உயிர்களுக்குக் காது கொடுத்த அந்த இளைஞர் 1942-ஆம் ஆண்டு சோவியத் ஆட்சியினரால் பொய்க் குற்றச்சாட்டின்பேரில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று படித்தபோது நமக்கு நெஞ்சு கனத்தது. மேலே குறிப்பிட்ட இயேசு சபைக் குரு, 1931-இல் தொடங்கப்பெற்ற வத்திக்கான் வானொலியின் முதல் இயக்குநராக அமர்ந்தார் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம்.

இச்செய்தி எட்டுவதற்கு முன்பே, மே 30-ஆம் நாள், மரியானோ, ஸாப்பி என்னும் இரு கடற்படை அதிகாரிகளும் மால்ம்கிரனும் உதவி தேடிக் கரையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தனர். இரு வாரங்களில் மால்ம்கிரனின் வலிமை அற்றுப்போயிற்று. தம்மை விட்டுவிட்டுப் போகுமாறு அவரே கேட்டுக்கொண்டார் என்றும், தம் தாயாரிடம் சேர்ப்பிக்கும்படி தம் திசைகாட்டியைக் கொடுத்தார் என்றும் ஸாப்பி பின்னர்க் கூறினார். இருவரும் அவருக்குப் பனியில் ஒரு குழி வெட்டிக் கொடுத்து மேலே நடந்தனர். இதைக் குறித்து அக்காலத்துச் செய்தித்தாள்கள் எழுதிய கொடுஞ்சொற்கள் பல. அவற்றுக்கு எவ்வகைச் சான்றும் இல்லாமையால் நாம் இங்கே எடுத்துரைக்கப்போவதில்லை.

ஆமுண்ட்சென் என்ன செய்தார்? நோபிலேயின் கப்பல் காணாமற்போன செய்தி வந்தபோது அவர் ஒரு விருந்தில் இருந்தார். தேடிச் செல்ல இயலுமா என்ற வினாவுக்கு, உடனே ஆயத்தம் என்றார். தாம் பகைத்த மனிதரைத் தேடி, 55 வயதில், ஜூன் 18-ஆம் நாள், பிரெஞ்சு நாட்டின் ‘லத்தாம் 47’ என்னும் கடல் விமானத்தில் திரோம்சோ நகரிலிருந்து புறப்பட்டார். உடன் சென்றவர் ஐவர். விமானம் திரும்பவில்லை. ஆகஸ்ட் இறுதியில் அதன் மிதவை ஒன்று மட்டும் நார்வேக் கடற்கரையருகே அகப்பட்டது.

ஜூன் 20-ஆம் நாள் இத்தாலிய விமானி மத்தலேனா, வானொலிக் குறிப்புகளின் துணைகொண்டு கூடாரத்தைக் கண்டுபிடித்து உணவும் மருந்தும் எறிந்தார். ஆனால் அவருடைய பெரிய விமானம் அங்கே இறங்க வழியில்லை. ஜூன் 23-ஆம் நாள் இரவில், சுவீடன் நாட்டு விமானி லுண்ட்போர்க், பனிச்சறுக்குக் கால்கள் பொருத்திய சிறு விமானத்தில் துணைவர் ஒருவருடன் வந்து துணிவாக இறங்கினார். அந்நிலங்களில் கோடைக்காலத்தில் இரவும் பகல்போலவே இருக்கும்.

யார் யார் எந்த வரிசையில் செல்லவேண்டும் என்பதை நோபிலே முன்னரே வகுத்து வைத்திருந்தார். முதற்பெயர் செச்சியோனியுடையது, தம் பெயரை அவர் பின்னுக்கே வைத்திருந்தார். லுண்ட்போர்க்கோ, விமானத்தில் ஒருவருக்கே இடம் உண்டு என்றும், அந்த ஒருவர் தலைவராகவே இருக்கவேண்டும் என்பது தமக்கு இடப்பட்ட கட்டளை என்றும் கூறினார். செச்சியோனியின் எடையும் தடையாகச் சுட்டப்பட்டது. நீங்கள் வந்தால்தான் மற்றவர்களைத் தேடும் பணியை நெறிப்படுத்த இயலும். சில மணி நேரத்தில் நான் தனியே திரும்பி வந்து ஒவ்வொருவராக எல்லாரையும் ஏற்றிச் செல்வேன் என்றும் உறுதியளித்தார். நோபிலே தம் மக்களைப் பார்த்தார். அவர்களும் போகும்படியே வற்புறுத்தினர். இறுதியில் இசைந்தார். நாயும் உடன் சென்றது.

லுண்ட்போர்க் சொன்ன சொல் தவறவில்லை. சில மணி நேரத்தில் திரும்பி வந்தார். ஆனால் இறங்கும்போது விமானம் குப்புறக் கவிழ்ந்தது. மீட்க வந்தவரே பனியில் சிறைப்பட்டார். இரு வாரங்களுக்குப் பின், ஜூலை 6-ஆம் நாள், அவர் தோழர் ஷீபெர்க் மற்றொரு சிறு விமானத்தில் வந்து அவரை மட்டும் ஏற்றிச் சென்றார். எஞ்சிய ஐவரையும் வான்வழியே மீட்கும் முயற்சி அத்துடன் நின்றது.

கப்பலுக்கு வந்து சேர்ந்த நோபிலேயை வரவேற்றது ஆறுதல் மொழியன்று, வினா. தலைவர் முதலில் வந்ததேன்? திரும்பவும் பனிக்கே தம்மை அனுப்புமாறு அவர் கேட்டும் இணங்கவில்லை; கப்பலில் அவர் ஏறத்தாழக் கைதியாகவே வைக்கப்பட்டார். முசோலினியின் அரசு அவரைக் காத்துப் பேசவில்லை.

மீட்பை முடித்தது ‘கிராசின்’ என்னும் சோவியத் பனியுடைப்புக் கப்பல். ஜூலை 10-ஆம் நாள் அதிலிருந்து பறந்த சுக்னோவ்ஸ்கி என்னும் விமானி, நடந்து சென்ற குழுவினரைக் கண்டு தகவல் அனுப்பினார். திரும்புகையில் மூடுபனியால் வழியறியாது இறங்கி, விமானத்தை உடைத்துக்கொண்டார். தாமும் தோழர்களும் பனியில் அகப்பட்டிருந்த நிலையிலும், எங்களைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அவர்களிடம் செல்லுங்கள் என்று வானொலியில் அறிவித்தார். ஜூலை 12-ஆம் நாள் ‘கிராசின்’ முதலில் ஸாப்பியையும், குற்றுயிராய்க் கிடந்த மரியானோவையும் எடுத்தது. அன்றிரவே சிவப்புக் கூடாரத்தை அடைந்து ஐவரையும் மீட்டது. சாயம் அதற்குள் பெரும்பாலும் வெளுத்திருந்தது. விபத்து நேர்ந்து 48 நாள்கள் கடந்திருந்தன. செச்சியோனியும் உயிருடன் மீண்டார்.

பதினாறு பேரில் எண்மர் மாண்டனர், எண்மர் மீண்டனர். உரோமையில் மக்கள் திரண்டு நோபிலேயை வரவேற்றனர். ஆனால் 1929-இல் விசாரணைக் குழு விபத்துக்கான பொறுப்பையும், முதலில் மீட்கப்பட்ட குற்றத்தையும் அவர்மீதே சுமத்தியது. அவர் பதவி துறந்தார். 1931-இல் சோவியத் நாடு சென்று ஆகாயக் கப்பல்கள் அமைத்தார். பின்னர் அமெரிக்காவில், சிக்காகோவின் துணை ஆயர் ஷீல் நிறுவிய கத்தோலிக்க விமானவியல் பள்ளியில் சில ஆண்டுகள் கற்பித்தார். முசோலினி வீழ்ந்த பின், 1945-இல், இத்தாலிய விமானப்படை அவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்துப் பதவியை மீட்டளித்தது.

நாம் அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? முறிந்த காலுடன் ஒரு மாதம் பனியில் கிடந்தவரிடம், இறக்கை சுழலக் காத்திருக்கும் விமானத்தின் அருகே, சில நிமிடங்களில் முடிவு கேட்கப்பட்டது. மறுத்திருக்கலாம் என்று சொல்வது நமக்கு எளிது. மறுத்திருந்தால் விமானம் வெறுமையாகத் திரும்பியிருக்குமோ, செச்சியோனியை ஏற்றிக்கொண்டிருக்குமோ, யாரறிவார்? அவர் தவறு செய்தார் என்று கூற நமக்கு நா எழவில்லை. ஆனால் அந்த இரவை அவரே மறக்கவில்லை. அதைக் குறித்து நூல்கள் எழுதி விளக்கிக்கொண்டே இருந்தார். 1978-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், 93-ஆம் வயதில், உரோமையில் காலமானார்.

ஆமுண்ட்செனின் விமானத்தைத் தேடி 2009-ஆம் ஆண்டு நார்வேக் கடற்படை, ஆளில்லா நீர்மூழ்கிக் கருவியின் துணையுடன் கடலடியை ஆராய்ந்தது. ஒன்றும் அகப்படவில்லை. அர்துயினோவையும் தோழர்களையும் சுமந்து சென்ற வாயுப்பையின் சிறு துண்டும் இதுவரை எவர் கண்ணிலும் படவில்லை.