நிற்கிற வண்டிக்கும் பசிக்கும்!

ராத்திரி இரண்டு மணி. மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க... வலி வந்துடுச்சு" என்கிறாள். பை ரெடி. ஆஸ்பத்திரி ஃபைல் ரெடி. டேங்க் நிறையப் பெட்ரோல். கீழே ஓடிப்போய்க் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால்...

டக். டக். டக்.

அவ்வளவுதான்! ஹார்ன்கூட சளி பிடித்த ஆடு மாதிரி முனகியது.

இது நடந்தது 2020 மே மாதம். மார்ச் 25-ம் தேதி ஊரடங்கு ஆரம்பித்ததிலிருந்து கார் இடத்தை விட்டு அசையவில்லை. வாராவாரம் துடைத்தேன். கவர் போட்டு மூடினேன். டயரில் காற்று பார்த்தேன். பேட்டரி என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இல்லை.

எதிர் வீட்டு ஆட்டோக்காரர் கட்டிய லுங்கியோடு ஓடி வந்து எங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஒரு மணி நேரத்தில் மகள் பிறந்தாள். அன்றைக்கு அவர் மட்டும் வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால்... வேண்டாம், இன்றைக்கும் அதை நினைக்கப் பிடிக்கவில்லை.

பிறகு வந்த மெக்கானிக் பேட்டரியைச் சோதித்துவிட்டு ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: "ஓடி ஓடிச் சாகலை சார். நின்னு நின்னே செத்திருக்கு!"

சும்மாதானே நிற்கிறது?

வண்டி நின்றாலும் அதன் கடிகாரம் நிற்பதில்லை. திருட்டு அலாரம் தூங்குவதில்லை. ரிமோட் சாவியின் சிக்னலுக்காக ஒரு சர்க்யூட் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. எல்லாம் சேர்ந்து 25 மில்லி ஆம்பியர் குடிக்கிறது என்று வையுங்கள். துளிதான். ஆனால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-ஹவர். 45 நாளில் 27! சின்னக் கார்களின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-ஹவர்தான். மிச்சம் இருப்பதில் எஞ்சின் எங்கே சுற்றும்? டக், டக்தான்!

இதோடு, பேட்டரி யாரும் தொடாமலே தானாகவும் சார்ஜ் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நம்ம ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சார்ஜ் இறங்கினால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். உடனே ஏற்றினால் சரி. இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் லெட் சல்ஃபேட் கெட்டியான படிகமாகப் படிந்துவிடும். அதற்குப் பெயர் சல்ஃபேஷன். அப்புறம் எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் பழைய தெம்பு வராது.

"நான் தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே!" என்கிறவர்கள் கவனிக்க... ஸ்டார்ட் செய்யச் செலவானதை அது திருப்பித் தரலாம். நின்றதால் ஏற்பட்ட வாரக் கடனை அடைக்காது. பெட்ரோல்தான் தண்டம்.

கேரவன்காரர்கள் கற்ற பாடம்

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங்கில் ஹீரோ ஏறி உட்காரும் வண்டிதான் ஞாபகம் வரும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் சாதாரணக் குடும்பங்களே படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்த வண்டி வாங்கி ஊர் சுற்றுகின்றன. மோட்டார்ஹோம். கோடையில் சுற்றல். குளிர் காலத்தில் வண்டி மாதக்கணக்கில் வாசலில் நிற்கும்.

அதில் பேட்டரி இரண்டு வகை. ஒன்று எஞ்சினுக்கு, மற்றது விளக்கு, தண்ணீர் பம்ப் போன்ற வீட்டு வேலைக்கு. வண்டியோடு வரும் சார்ஜர் பல மாடல்களில் வீட்டுப் பேட்டரியை மட்டும்தான் கவனிக்கும். வசந்த காலத்தில் குடும்பத்தோடு கிளம்பினால் விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரியும், தண்ணீர் வரும்... எஞ்சின் மட்டும் 'டக்'! வீடு ரெடி, வண்டி இல்லை!

இப்படிப் பட்டுப் பட்டுத்தான் அவர்கள் 'மெயின்டெனன்ஸ் சார்ஜர்' பக்கம் வந்தார்கள். மாதக்கணக்கில் மாட்டி வைத்தாலும் பேட்டரியைக் கெடுக்காத சார்ஜர் இது. வொர்க் ஃப்ரம் ஹோம் வந்த பிறகு கார் வாரக்கணக்கில் நிற்கிற நமக்கும் இதே பாடம்தான்.

பந்தி பரிமாறத் தெரிய வேண்டும்

நல்ல சார்ஜர் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி.

முதலில் தாராளம். பேட்டரி வாங்குகிற வேகத்துக்குக் கரண்ட் கொடுக்கும். இது 'பல்க்'. வோல்டேஜ் 14.4 பக்கம் வந்ததும் அதை அங்கேயே பிடித்துக்கொண்டு கரண்ட்டைக் குறைத்துக்கொண்டே வரும். இது 'அப்சார்ப்ஷன்', ரசம் சாதக் கட்டம். கடைசியில் 13.5 வோல்ட் பக்கம் இறங்கி, தானாகக் குறைவதை மட்டும் ஈடு கட்டும். இது 'ஃப்ளோட்'. வெறும் மோர்!

பழைய கால சார்ஜர் எப்படி? "போதும் அத்தை, போதும்" என்று இலையை மறைத்தாலும் கை இடுக்கில் சாம்பாரை ஊற்றுகிற அத்தை! மாட்டிவிட்டு மறந்தால், பேட்டரியில் உள்ள தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரிந்து போகும். தகடுகள் அரிக்கும். மலிவான 'ட்ரிக்கிள்' சார்ஜர்களில் பலவும் இந்த ஜாதிதான். சொட்டுச் சொட்டாக ஊற்றுமே தவிர, போதும் என்பது தெரியாது.

ஆக, சார்ஜருக்கு அழகு எவ்வளவு கொடுக்கிறது என்பதல்ல, எப்போது நிறுத்தத் தெரிகிறது என்பதுதான்.

கடையில் கேட்க வேண்டிய நாலு கேள்வி

1. "தானாக ஃப்ளோட்டுக்கு மாறுமா?" கடைக்காரர் தலையைச் சொறிந்தால் அடுத்த கடை.

2. "எத்தனை ஆம்பியர்?" பெரிசு வாங்கினால் நல்லது என்பது தப்புக் கணக்கு. காலிப் பேட்டரியை ஏற்ற அதன் ஆம்பியர்-ஹவரில் பத்தில் ஒரு பங்கு போதும். 35-க்கு மூன்றரை. நிற்கிற காரைப் பராமரிக்க மட்டும் என்றால் ஒரு ஆம்பியரே தாராளம். பைக் பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். அதில் 10 ஆம்பியரை மாட்டுவது குழந்தைக்கு அண்டாவில் பால் கொடுப்பது மாதிரி.

3. "என் பேட்டரி வகைக்குப் பொருந்துமா?" தண்ணீர் ஊற்றும் பேட்டரி, மூடிய ஏ.ஜி.எம்., லித்தியம், மூன்றின் ருசியும் வேறு. லித்தியத்துக்கு அதற்கென்றே உள்ள செட்டிங் வேண்டும். சல்ஃபேஷனை நீக்கும் 'ரிப்பேர் மோட்' அதற்கு ஆகாது.

4. "வெயிலுக்குத் தகுந்த மாதிரி வோல்டேஜைக் குறைக்குமா? மாற்றி மாட்டினால் பாதுகாப்பு உண்டா?" சூட்டில் பேட்டரிக்குக் குறைந்த வோல்டேஜ் போதும். சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டாத மனிதர் யார்?

மாட்டும்போது கவனம்!

முதலில் சிவப்பு கிளிப் பேட்டரியின் ப்ளஸ்ஸில். பிறகு கறுப்பு, பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகத்தில். கடைசியில்தான் சுவிட்ச். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணையுங்கள். ஹைட்ரஜன் காற்றில் நாலு சதவிகிதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பக்கத்தில் நின்று சிகரெட் பற்ற வைக்கிற நண்பரை முதலில் துரத்துங்கள்.

ஃபிளாட் பார்க்கிங்கில் ப்ளக் பாயின்ட் இல்லையா? மூன்றாவது மாடியிலிருந்து ஒயர் தொங்கவிடாதீர்கள். வாரம் ஒருமுறை அரை மணி, முக்கால் மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். நீண்ட நாள் ஊருக்குப் போனால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடலாம். வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்குக் கன்ட்ரோலரோடு சின்ன சோலார் பேனலும் உண்டு.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால் 12.6 வோல்ட்: வயிறு நிறைந்திருக்கிறது. 12.4: சாப்பாட்டு வேளை. 12: பட்டினி. செத்த பேட்டரியை எந்த சார்ஜரும் எழுப்பாது. சாகாமல் காப்பதுதான் அதன் வேலை.

மகள் இப்போது ஸ்கூல் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் கிளிப்பை மாட்டும்போது பக்கத்தில் நின்று பச்சை விளக்குக்காகக் காத்திருப்பாள். "அப்பா, காரு சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா."

சார்ஜர் வந்துவிட்டது என்பதற்காக ஆட்டோக்காரர் நம்பரை மட்டும் நான் அழிக்கவில்லை!